மதினி பெயரில் ஒரு பெட்டி

எங்கள் அருள்செல்வி மதினிக்குக் கிறிஸ்மஸ் ஆடி மாதத்திலேயே தொடங்கிவிடும். ராஜபாளையம் ஜவுளிக் கடைகளில் தள்ளுபடிப் பலகை தொங்கியதும், பேண்டேஜ் கம்பெனியில் ஷிப்ட் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு கடை, நாளைக்கு ஒரு கடை என்று ஏறி இறங்குவாள். வாங்கியதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். டிசம்பருக்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுமே என்று நாலு விரல் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்வாள். ஒரு வருடம் மடிப்பையும் மீறிப் பெரியவன் வளர்ந்துவிட்டான். அந்தச் சட்டை பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போயிற்று. டிசம்பர் கூட்டத்தில் முழு விலைக்கு இன்னொன்று வாங்கி வந்தவள், "வளர வேண்டாம்னா சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.

மதினியின் வீட்டுக்காரர் எலியேசர் அண்ணன் மில்லில் வேலை பார்த்தார். கொடுக்கிற மனுசர். வாயால் கொடுப்பார். "இந்த வருசம் உனக்கு ஒரு நல்ல சேலை, அக்கா", "சித்தப்பாவுக்கு ஒரு போர்வை", "தம்பிக்குப் பேண்ட் துணி". ஒவ்வொன்றையும் பிரியத்தோடுதான் சொல்வார். சொல்லி முடித்ததும் கொடுத்து முடித்த நிறைவு அவர் முகத்தில் வந்துவிடும். வாங்கி வருகிற வேலை மதினியுடையது.

எங்கள் கோயிலில் கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்னால் மர விழா நடக்கும். சவுக்கு மரத்தை நட்டு, சீரியல் பல்பு சுற்றி, அடியில் பொட்டலங்களைக் குவித்திருப்பார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டு ஆட்களுக்குத் தாங்களே வாங்கி, பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்து வைத்தவை அவை. கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டவர், யாருக்கு, யார் தருகிறார் என்று மைக்கில் வாசிப்பார். பெயர் வந்தவர் எழுந்து போய் வாங்க வேண்டும். வராதவரை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரும் வேண்டுமென்று பார்ப்பதில்லை. ஆனாலும் பார்ப்பார்கள்.

மதினியின் பெயரும் வருடம் தவறாமல் வரும். "அருள்செல்விக்கு, அன்புடன் கணவர் எலியேசர்." போய் வாங்கி வந்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்வாள். அது வீட்டில் பிரிக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருடம் மே மாதம் எங்கள் தங்கை பரிபூரணத்தைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஐயாதுரை, ஜவுளிக் கடையில் விற்பனையாள். கல்யாணப் பந்தியில் அண்ணன் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டார்.

"மாப்ள, தலைக் கிறிஸ்மஸுக்கு உங்க கையில வாட்ச் கட்டாம விடமாட்டேன். எங்க கோயில் மரத்துல பேரு கூப்பிட்டு வாங்குதிய, பாருங்க."

"அதெல்லாம் எதுக்கு மச்சான்?"

மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம் அடுத்த இலையிலிருந்து சொன்னாள்: "குடுக்கேன்னு சொல்லுதவிய வாயப் பொத்தாதல. வாங்கிக்கோ."

மதினி அந்த வரிசையில்தான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தாள். வாளி ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தது.

அண்ணனின் போனஸ் கல்யாணக் கடனுக்குப் போய்விட்டது. அக்டோபரிலிருந்து மதினி வாரத்தில் மூன்று நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தாள். பேண்டேஜ் துணியை இழுத்து, இறுக்கி, உருளையாகச் சுற்றுகிற வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவளுடைய பெருவிரல் எதையோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

"வாட்ச்சுக்குப் பதிலா வேட்டி சட்டை எடுத்தா என்ன? நல்லதாவே எடுப்போம்" என்றாள் ஒருநாள்.

"சொன்ன சொல்லு என்னட்டி ஆகுறது? அந்தம்மா தளவாய்புரம் பூராவும் சொல்லி வச்சிருக்காவ."

"நீங்க சொன்னிய. அவிய ஊருக்குச் சொன்னாவ. நான் மட்டுந்தான் ஒண்ணுஞ் சொல்லல."

அண்ணன் சிரித்தார். நல்ல பேச்சு என்று நினைத்திருப்பார்.

வாட்ச் வாங்க என்னையும் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டாள்: "விலை கம்மியா, ஆனா கம்மின்னு தெரியாத மாதிரி ஒண்ணு இருக்கா?"

"அப்படி ஒண்ணு செய்யத்தாம்மா எல்லாக் கம்பெனிக்காரனும் பாடுபடுதான்" என்றார் அவர். கடைசியில் கம்மி இல்லாத ஒன்றைத்தான் வாங்கினாள். வெளியே வந்து, "பஸ்ஸுக்கு வச்சிருக்கியளா தம்பி?" என்றாள்.

மர விழா அன்று காலையில் பொட்டலம் கட்டினாள். முந்தின நாள் இரண்டு ஷிப்ட். கண் இரண்டும் சிவந்திருந்தன. சிவகாசி அச்சகத்தில் நிறம் விலகிப்போன காலண்டர்த் தாளை எடைக்கு வாங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு ரோஜாவுக்கும் பக்கத்தில் அதன் சிவப்பு தனியாக நின்றது. வாட்ச் டப்பா உள்ளங்கையளவுதான்.

"இத மரத்தடியில வச்சா எறும்பு தூக்கிட்டுப் போயிரும். தலைக் கிறிஸ்மஸ் சாமான் பாக்க அம்சமா இருக்க வேண்டாமா?" என்று கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாள். சுற்று சரியில்லை என்று கழித்துப்போட்ட பேண்டேஜ் உருளைகளை அடுக்கி, நடுவில் வாட்ச்சை வைத்து மூடினாள். பிறகு அதே அளவில் இன்னொரு பெட்டியை எடுத்தாள். அதில் வெறும் உருளைகள் மட்டும். அதையும் அதே தாளில் சுற்றினாள். சீட்டில் தன் பெயரை எழுதினாள். அன்புடன் கணவர் எலியேசர்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன முழிக்கிய? பேரு வரலன்னா, ‘செல்விக்கு வீட்டுக்காரர் ஒண்ணும் எடுக்கலயா’ன்னு எம்புட்டுப் பேரு கேப்பாளுவ. அவளுவளுக்குப் பதில் சொல்லுததுக்கு இது லேசு."

"எத்தன வருசமா மதினி?"

"சின்னவ பொறந்ததுல இருந்து. உருளைய மட்டும் அப்பப்போ மாத்திருவேன். பழசு மஞ்சளாயிருது."

ஒவ்வொரு வருடமும் மரத்தடியிலிருந்து நான் வாங்கிய சட்டைத் துணிகள் நினைவுக்கு வந்தன. கோடு போட்டது, கட்டம் போட்டது, கடைசியாக ஒரு நீலம். அவள் தூக்கத்தில் தலை ஆடியபடியே பசை தடவிச் சீட்டுகளை ஒட்டியதை நான் கவனிக்கவில்லை.

மாலையில் தளவாய்புரத்திலிருந்து ஐயாதுரை, பரிபூரணம், ரத்தினம் மூன்று பேரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கம்பவுண்டர் நேசையன் பஞ்சுத் தாடி ஒட்டித் தாத்தாவாக நின்றார். மதினியின் பெயர் முதலிலேயே வந்தது. வாங்கி வந்து வழக்கம்போல் நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"ஐயாதுரைக்கு, அன்புடன் மச்சான் எலியேசர்! தளவாய்புரத்து மாப்ள, மேடைக்கு வாங்க."

தலைக் கிறிஸ்மஸ் மாப்பிள்ளை தன் பொட்டலத்தை மேடையிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். அது எங்கள் சபை வழக்கம். ஐயாதுரை பிரித்தார். ஒரு பேண்டேஜ் உருளையை எடுத்தார். கீழே இன்னொன்று.

"உள்ள இருக்கும் மாப்ள, தோண்டுங்க" என்றார் நேசையன் மைக்கில்.

மாப்பிள்ளை தோண்டினார். ஓர் உருளை கைதவறி விழுந்து, அவிழ்ந்துகொண்டே படியில் இறங்கி, பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வரை வெள்ளையாக நீண்டது. ஐயாதுரை பெட்டியைக் கவிழ்த்தார். எல்லாம் உருளை.

"மாப்ளைக்கு அடி பலமோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோயிலே சிரித்தது. ரத்தினம் சிரிக்கவில்லை. "ஏழு மாசத்துல எம் பிள்ளைக்குக் கட்டுத்துணியா?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் பாதி எழுந்து மதினியைப் பார்த்தார்.

"என்னட்டி இது?"

மதினி நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். காலடியில் இருந்த பெட்டிக்குள் வாட்ச் இருந்தது. அதை இங்கே பிரித்தால், அந்த உருளைகள் யாருக்காகக் கட்டப்பட்டவை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். பிரிக்காவிட்டால் பரிபூரணம் இன்று அந்த அம்மாவோடு தளவாய்புரத்துக்குப் பஸ் ஏற வேண்டும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"சீட்டு மாறிப்போச்சு. இதுதான் அவியளுக்கு. அது எனக்கு" என்றாள்.

தாளைக் கிழித்து, உருளைகளை ஒதுக்கி, வாட்ச்சை எடுத்து நீட்டினாள். "கட்டிக்கோங்க தம்பி."

யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். பெண்கள் பக்கம், "அப்ப அவளுக்கு வச்சதா அது?" என்று ஒரு குரல் எழுந்து, "எலியேசரா வச்சான்?" என்று இன்னொரு குரலில் அடங்கியது. திரும்பிய முகங்கள் எல்லாம் அண்ணன் மேல் வந்து நின்றன. மதினி குனிந்து, படியில் கிடந்த துணியின் நுனியைப் பிடித்து இழுத்துச் சுற்றத் தொடங்கினாள். கம்பெனியில் சுற்றுகிற மாதிரியே, இறுக்கமாக, வேகமாக. ஐயாதுரை வாட்ச்சைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைகளைப் பொறுக்கினார்.

"விடுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

"உங்களுக்குச் சுத்த வராது தம்பி" என்றாள் மதினி.

வீட்டுக்கு வந்ததும் வாசல்படியிலேயே நின்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "வருசா வருசம் எம் பேரப் போட்டு நீயே ஒரு சேலை எடுத்துக்கிடுதன்னு நெனச்சேன் செல்வி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், அடுத்த வருசம் எடுத்துக்கிடலாம்னு."

"நாளைக்கே போவோம். நல்ல பட்டா ஒண்ணு—"

"ஏங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "எடுத்துத் தாரேன்னு மட்டும் சொல்லாதிய. அதுக்கும் நாந்தான் கடை கடையா ஏறி இறங்கணும்."

பாயை விரித்து, முகம்கூடக் கழுவாமல் படுத்துவிட்டாள். அண்ணன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இட்லி வாங்கப் போனார். பிள்ளைகள் சத்தம் போடாமல் சாப்பிட்டார்கள்.

நானும் அந்த வருடம் மதினிக்கு எதுவும் வாங்கவில்லை. வாங்கிக் கொடுத்தால், திருப்பி என்ன செய்வது என்று அதையும் ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கு இன்றுவரை சரிப்படவில்லை.

கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்கு மதினி துவைத்து மடித்த பழைய சேலையில் வந்தாள். புதுத்துணி வாசம் அடித்த வரிசையில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். எந்தக் கடையில் எடுத்தது, என்ன விலை, யார் எடுத்துக் கொடுத்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பிரசங்கம் நீளமாக இருந்தது. மதினி சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்தது. கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோதும் அவள் எழவில்லை. பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைத் தொடப்போய், என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டு பாடத் தொடங்கினாள்.