வெற்றிலைத் தட்டோடு ஓட்டுக் கேட்டது

எங்கள் குடும்பத்தைப் பற்றித் திண்டுக்கல்லில் பெருமையாகப் பேச இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று அப்பாவின் புளி மண்டி, இன்னொன்று அவருடைய முனிசிபல் சேர்மன் பதவி. இரண்டுமே அத்தையால் வந்தவை. அப்பா ஒருநாளும் அதை வாய்திறந்து சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பெற்றவர்கள் போன பிறகு, நத்தத்துப் புளியை வாங்கிவந்து, கொட்டை எடுத்து, தெருத்தெருவாகக் கூவி விற்றுத் தம்பியை ஆளாக்கினாள். தம்பி மண்டி வைத்துப் பெரிய மனிதர் ஆனார். அவள் புருஷனையும் பறிகொடுத்து, ஒரே மகளோடு அதே ஒற்றையறை வீட்டில் கிடந்தாள். அந்த மகள் என் அண்ணனுக்குத்தான் என்பதை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. முறைப்பெண் என்றால் முறைப்பெண்தானே, அதில் பேச என்ன இருக்கிறது?

ஐம்பதுகளின் கடைசியில் அப்பா வார்டு தேர்தலில் நின்றார். வெறும் நோட்டீஸ் கொடுத்தால் எடுபடாது, வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்துக் கேளுங்கள் என்று எவனோ யோசனை சொன்னான். அம்மா தட்டு ஏந்த, நான் குங்குமச் சிமிழோடு வர, அப்பா சலவை வேட்டி சரசரக்க முன்னால் நடந்தார். பின்னால் ஒரு கூட்டம். அப்படியே அத்தை வீட்டு வாசலுக்கும் போய் நின்றோம்.

அத்தை தட்டைத்தான் பார்த்தாள். தம்பி, தம்பி பெண்டாட்டி, வெற்றிலை பாக்கு. வேறென்ன நினைப்பாள்?

"ஏ புள்ள, மாமா தட்டோட வந்திருக்காக, மூஞ்சியக் கழுவிட்டு வா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இம்புட்டுப் பேரக் கூட்டிக்கிட்டு வந்துதான் பொண்ணு கேக்கணுமா தம்பி? நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?"

"அக்கா, இது ஓட்டுக்கு" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "எல்லாம் நல்லபடியா முடியும்க்கா. மொதல்ல எலெக்சன் முடியட்டும்" என்றார். அடப்பாவமே, அம்மாவும் தட்டை நீட்டினாள்.

அன்றிலிருந்து அத்தை சோறு தண்ணி பார்க்கவில்லை. "என் சம்பந்திக்குப் போடுங்கத்தா" என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். அப்பா ஜெயித்தார். சேர்மனைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். அதில் நாலைந்து பேரைக் கைக்குள் வைத்திருந்த பஸ் முதலாளி ஒருவருக்கு ஒரு மகள் இருந்தாள். அண்ணனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். முறைப்பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று அந்த வீட்டில் அப்பா மூச்சுகூட விடவில்லை. அண்ணனும் மாப்பிள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தான். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்!

கல்யாணத்துக்கு அத்தை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வராமல் இருந்தால் தம்பிக்குத்தானே கேவலம் என்று நினைத்திருப்பாள். வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த பஸ் முதலாளி, "இந்தம்மா யாரு, ஒங்க சொந்தமா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"நம்ம வார்டுதான். ரொம்ப வேண்டியவங்க" என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே.

 இந்த மனிதருக்கு மகளாக அங்கே நிற்பதைவிட மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அத்தை அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமாங்கய்யா, வார்டுதான்" என்று தம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடாமலே படி இறங்கிப் போனாள்.