பொன்னியிடம் இருந்த தேன்

போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் ஒரு தேன் பாட்டில் வாங்கினேன். மேலே கொட்டை எழுத்தில் ‘ஹனி’ என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்த கையோடு, ஐயோ, பொன்னியைக் கேட்கவில்லையே என்று தோன்றியது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எனக்கு முதல் வேலை கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமப் பள்ளிக்கூடத்தில். தற்காலிக வேலைதான். இரண்டாம் வகுப்புக்கு இங்கிலீஷ். அதிகாரி வரும்போது பிள்ளைகள் நாலு வார்த்தை சொன்னால் வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். என்னிடம் கொடுத்திருந்த பட அட்டைகளிலோ கப்பலும் ரயிலும்தான் இருந்தன. நான் ஏதோ கதை விடுகிறேன் என்பதுபோலப் பிள்ளைகள் பார்த்தார்கள். அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். “நாளைக்கு ஆளுக்கொரு பொருள் வூட்ல இருந்து எடுத்துக்கினு வாங்க” என்றேன்.

மறுநாள் வகுப்பில் சந்தை வாசனை. சாமை, புளி, பலாக்கொட்டை எல்லாம் வந்தன. ராமாயி ஓர் ஆட்டுக்குட்டியையே பிடித்து வந்தாள். அது என் முந்தானையை மென்றுகொண்டு நின்றது. பொன்னி சின்னக் கிண்ணத்தில் தேன் கொண்டு வந்தாள். யார் எதைக் கொண்டு வந்தார்களோ அவர்களுக்கு அதன் இங்கிலீஷ் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் கூடவே சொன்னார்கள். கூரை அதிர்ந்தது. பெரிய மேதை என்ற நினைப்பில் நான் திரிந்தேன்.

அதிகாரி வந்த நாளில் பொன்னி இல்லை. கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு மணலூர்பேட்டைப் பக்கம் போயிருந்தாள். அதிகாரி வந்ததும், மேஜைமேல் அவள் விட்டுப் போயிருந்த தேன் கிண்ணத்தைத்தான் எடுத்தார். “இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?” என்று கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு முறை கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மனதுக்குள் பெட்டியில் புடவைகளை அடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

ராமாயிதான் எழுந்தாள். “அது பொன்னியுதுங்க. அவ ஊர்ல இல்ல. அவளக் கேக்காம நாங்க இன்னான்னு எடுக்கறது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மலையில் தேனடையை முதலில் பார்த்தவர் மரத்தடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து வைத்துவிட்டால் போதும், அப்புறம் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைக்கும் பிள்ளைகள் தழை வைத்துவிட்டார்கள்! பொன்னி முன்னால் நின்றால் கூடவே சொல்லலாம். அவள் இல்லாதபோது சொன்னால் அது திருட்டு.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். “சரி, உன்னுது எது?”

“கோட்டுங்க!” என்று தன் ஆட்டுக்குட்டியின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னாள் ராமாயி. அவ்வளவுதான், ஆளாளுக்குத் தங்கள் சொத்தை அறிவிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புறப்படும்போது அவர், “நீங்க இங்கயே இருங்கம்மா” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் என்று சமாளித்தேன்.

பொன்னி திரும்பி வந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஜமீன்தாரிணி மாதிரி நிமிர்ந்து நின்றாள். “எல்லாரும் எடுத்துக்குங்க. ஆனா உங்குளுத எனக்குக் குடுக்கணும்.” அன்று முழுக்கக் கொடுக்கல் வாங்கல்தான். சாயந்திரத்துக்குள் எல்லா வார்த்தையும் எல்லோருக்கும் வந்துவிட்டது. நான் ஒன்றுமே சொல்லிக் கொடுக்கவில்லை.

“எனக்கு?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “நீங்களும் எடுத்துக்குங்க டீச்சர். ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்குங்க.”

இப்போது வகுப்பில் டிவி இருக்கிறது. பட்டனைத் தட்டினால் எங்கிருந்தோ ஒரு குரல் ‘ஹனி’ என்கிறது. பிள்ளைகள் பட்டென்று திருப்பிச் சொல்கிறார்கள். நிறைய வார்த்தைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள், சந்தோஷம்தான். அது யாருது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. பொன்னி இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ, அதுவும் தெரியவில்லை.

போன வாரம் அந்தத் தேன் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். “பொன்னி, எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைப் பைக்குள் வைத்தேன்.