மண்மேட்டுக்குக் காவல் நின்ற கதை

அருங்காட்சியகக் காவல் என்பது கால் பார்க்கும் வேலை. கைக்கு அதில் ஒன்றும் கிடையாது. கடையிலும் விமான நிலையத்திலும் கால் கடுக்க நின்று பிழைப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

சும்மா நிற்பது

ஹம்பேர்க்கில் பண்டகசாலை வேலை போனபின், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு இது கிடைத்தது. ஆறு மாதம் ப்ரோபெட்சைட், அதாவது சோதனைக் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் அனுப்பிவிடுவார்கள். இன்னோர் இடத்தில் போய் அரிச்சுவடியிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் பயந்து பயந்துதான் நின்றேன்.

நாலாம் மாதம் இன்றைய சீனக் கலைஞர்களின் கண்காட்சி வந்தது. என் அறையின் நடுவே இடித்த வீட்டின் ஈர மண்ணும் கல்லும் குவிந்து கிடந்தன. ஒரு சீனப் பெண் கலைஞர் இந்த நகரத்திலேயே அள்ளிவந்து கொட்டியது. மனிதன் கை வைக்காமல் விட்டால் மண் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், பழைய சீனத் தாவோ சிந்தனை அதுதான் என்று சுவரில் எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் ஃபிராவ் பெக்கர் எனக்கு அதை இன்னும் சுருக்கிச் சொன்னார்: "நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது. அதைச் சரியாகச் செய்யுங்கள்."

கரி மலை

அதே அறைச் சுவரில் ஒரு பெரிய மலை ஓவியம். தொழிற்சாலைப் புகைபோக்கியில் சுரண்டிய கரியையே மையாக்கி வரைந்தது. பாதிக்கு மேல் வெறும் தாள், அதுதான் மூடுபனியாம். வருபவர்கள் அதன் முன்னால் கோயிலில் நிற்பதுபோல் நின்றுவிட்டுப் போவார்கள்.

மியூனிக்கில் மென்பொருள் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த வெறும் தாளைப் பற்றிக் கேட்பாள், மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பிக்கலாம் என்று காத்திருந்தேன். என் சட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஏரியாவுல பவர் பிளான்ட் இருக்குண்ணா. மொட்டைமாடியில வெள்ளை வேட்டி காயப்போட்டா சாயங்காலம் இதே பெயின்டிங் ரெடியா இருக்கும்."

கீரை

சில வாரங்களில் மண்மேட்டில் ஒரு செடி முளைத்தது. பார்க்க வந்தவர்களுக்கு அது களை. எனக்கு அது கீரை என்று முதல் இரண்டு இலையிலேயே தெரிந்துவிட்டது. நான் நட்டதுபோல உள்ளூரப் பெருமை.

பிறகு குளிர் வந்தது, ஹீட்டர் போட்டார்கள், மண் காய்ந்தது. கீரை தலையைத் தொங்கப்போட்டது. வந்தவர்கள் சுவரைப் படித்தார்கள், வாடுவதும் இயற்கைதான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து அறையில் காவல் நிற்கும் செல்வி அக்காவிடம், தொடக்கூடாது என்ற சட்டத்தைச் சொல்லி அழாக்குறையாகப் புலம்பினேன். அவர் எட்டிப் பார்த்தார். "சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறதுக்குக் கூரையிலை கமரா இருக்குத்தானே. பிறகு நீங்கள் என்னத்துக்கு?"

ஒரு மூடி தண்ணீர்

மறுநாள் காலை, கதவு திறக்குமுன் என் போத்தலிலிருந்து ஒரு மூடி தண்ணீர் ஊற்றினேன். மத்தியானம் கீரை நிமிர்ந்தது. மனம் குளிர்ந்தது. ஆனால் ஆறு மாதம் முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. கமரா சொல்லுமுன் நானே சொல்லிவிடலாம் என்று ஃபிராவ் பெக்கரிடம் போனேன். அவர் உடனே மண்மேட்டுக் கலைஞரைத் தொலைபேசியில் அழைத்தார்.

லைப்சிக்கில் இருந்த அந்த அம்மா மறுநாளே ரயிலில் வந்து, செடியருகே குந்தினார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். ஒரு மூடி என்றேன். ஏன் என்றார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை என்றேன். எனக்குத் தெரிந்த டொச் மொழியில் அதற்குமேல் விளக்கம் இல்லை. அவர் சிரித்துவிட்டார்.

ஃபிராவ் பெக்கருக்கு அந்தச் சிரிப்பே உத்தரவாகிவிட்டது. தினமும் ஒன்பது மணிக்கு ஒரு மூடி, ஊற்றியதும் கையெழுத்து என்று குறிப்பேட்டில் கோடு போடத் தொடங்கினார். கலைஞர் அவர் பேனாவை மெல்லப் பிடித்தார். "அட்டவணை வேண்டாம். அவருக்கு எப்போது கை போகிறதோ, அப்போது ஊற்றட்டும்."

ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கென்று எடுத்த ஆள் நான். ஒன்றைச் செய்துவிட்டு நானே போய்ச் சொன்னதில்தான், இரண்டு வாரம் கழித்து என் வேலை நிரந்தரமாயிற்று.