முத்துவின் நல்ல நேரமும் அபுதாபி அரண்மனையும்

அபுதாபியில் உள்ள ஜனாதிபதி மாளிகையான கஸ்ர் அல் வதனைப் பொதுமக்களும் சுற்றிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். துபாய் கராமாவில் குடியிருந்துகொண்டு நான் போகாமல் இருந்ததற்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாகக் கிளம்பினேன். அதற்கும் காரணம் கட்டடக்கலை ஆர்வம் இல்லை, ரூம்மேட் முத்துவின் கல்யாணம்.

முத்துவுக்குப் பரமக்குடிப் பக்கம். ஏசி டெக்னீஷியன். எங்கள் ரூமில் ஆறு பேர் இருக்கிறோம், அவனுக்குக் கீழ் பெட். ரூம் ஏசி ஒரு மாதமாக லொடலொடவென்று சத்தம் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தது. "டூட்டியிலதான் ஏசி மூஞ்சியில முழிக்கிறேன், இங்கயுமாடா?" என்று சொல்லிவிட்டு, கட்டில் கம்பியில் ஒரு குட்டி ஃபேனை மாட்டிக்கொண்டு தூங்குகிற ஆள் அவன்.

அவனுக்கு மூன்று வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. மூன்றுமே ஒரே இடத்தில்தான் முறிந்தன. "மாப்பிள்ளைக்கு அங்க தனி வீடா, பெட் ஸ்பேஸா?" என்று கேட்பார்கள். ஆறு பேர் ரூமில் ஒரு கட்டில் என்று இவன் உள்ளதைச் சொல்வான். அதோடு போன் வருவது நின்றுவிடும். நான்காவதாக வந்த பெண் செல்வி, ஊரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து முத்து முத்துவாகவே இல்லை. இது மட்டும் தட்டிப் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தான். தரகர் விவரமானவர். "இந்தத் தடவை தனி வீடுன்னு சொல்லுங்க தம்பி, மத்ததக் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளையையும் வீட்டையும் வீடியோவில் பார்க்க வேண்டுமாம். ஞாயிறு மூன்றே காலுக்கு நல்ல நேரம்.

தனி வீட்டுக்கு எங்கே போவது? அபுதாபி முசஃபாவில் குடும்பத்தோடு இருக்கும் ராஜா அண்ணன் தன் வீட்டு ஹாலை ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தார். அண்ணி சோபாவுக்குப் புது உறை போட்டு வைப்பதாகச் சொன்னார். எப்படியும் அபுதாபிக்குப் போகிறோம், காலையில் அரண்மனையையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

அல் குபைபா பஸ் நிலையத்தில் ஏழு மணிக்கு ஏறினோம். ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம், நோல் என்கிற பயண கார்டில்தான் கட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு அபுதாபி பஸ் நிலையம். அங்கிருந்து டாக்ஸிக்கு இருபத்திரண்டு திர்ஹம் ஆனது. ஓட்டுநர் பெஷாவர்க்காரர். முத்துவின் இஸ்திரி கலையாத சட்டையையும் படிந்த தலையையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஷாதி ஹை க்யா, பாய்?" என்றார். கல்யாணமா என்று கேட்டதிலேயே மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். நான் "இன்ஷா அல்லாஹ்" என்றேன். இறங்கும்போது அவர் முத்துவின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து திர்ஹம். பாதுகாப்புப் பரிசோதனை முடிந்ததும் அரண்மனை பஸ்ஸிலேயே வாசல் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்ற கல். உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே போகிறது. குவிமாடத்தின் உட்பக்கம் முழுக்கப் பொன்னிறமும் நீலமும். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று கிளை விட்டு இன்னொன்றாகி, அது சுவரில் இறங்கி, தரையில் படர்ந்து மறுபடி மேலே ஏறுகிறது. எங்கே தொடங்கியது என்று விரலை நீட்டித் தேடிப் பார்த்தேன், முடியவில்லை. வளைவுகளுக்கு அடியில் தேன்கூட்டை அறுத்து வைத்தது போல அடுக்கடுக்காக இறங்கும் வேலைப்பாடு இருக்கிறது. பழைய சுல்தான்களின் அவைகளிலிருந்து வந்த பாணி இது. கட்டடம் புதுசுதான். மதுரை மகாலில் தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்த எனக்கு, புதுசாக இருக்கும்போது அரண்மனை இப்படித்தான் பளபளத்திருக்கும் என்று முதல் தடவையாக உறைத்தது. மகாலும் ஒரு காலத்தில் புதுக் கட்டடம்தானே!

முத்து வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தான். "இவ்ளோ பெரிய ஹாலு, சில்லுன்னு இருக்கு. ஆனா ஏசிக் காத்து வர்ற கிரில் ஒண்ணும் கண்ணுல படல. எந்தப் பூவுக்குள்ளடா ஒளிச்சு வச்சிருக்கானுங்க?" அவனை அங்கிருந்து நகர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிழக்குப் பக்கம் பழைய கையெழுத்துச் சுவடிகளும் வானநூல் கருவிகளும் இருக்கின்றன. அரபு எழுத்துகளையே கூடாகப் பின்னிய ஒரு பொன்னிறச் சிற்பத்துக்குள் நின்று எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நாங்களும் எடுத்தோம். மேற்குப் பக்கம் தலைவர்கள் கூடும் வட்டமான மண்டபம். நடுவில் தொங்கும் சரவிளக்குக்கு அடியில் நிற்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மஜ்லிஸ் என்கிற விருந்தினர் அவையில் ஒரு விஷயம் புரிந்தது. இங்கே யாரும் படுத்துத் தூங்குவதில்லை, குடியிருப்பதில்லை. வருகிறவர்களை வரவேற்று உட்கார வைத்து அசத்துவதற்கென்றே கட்டிய இடம் இது. அந்த வகையில் அண்ணி புது உறை போட்ட ஹாலுக்கும் இதுதானே வேலை என்று நான் கிண்டல் செய்தேன். முத்து சிரிக்கவில்லை. தரகர் சொல்லிக் கொடுத்ததை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

மறுபடி பெரிய மண்டபத்துக்கு வந்தபோது ஒன்றே முக்கால். முத்துவின் போன் அடித்தது. பெண்ணின் தாய்மாமா, வீடியோ கால்.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மூன்றே கால் என்பது இந்திய நேரம்! இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால். பத்து வருடமாகத் தினமும் ஊருக்குப் பேசுகிற இரண்டு பேர், காலண்டர் தாளில் போட்ட நல்ல நேரத்தைத் துபாய் நேரமாக நினைத்திருக்கிறோம். சோபா முசஃபாவில் இருக்கிறது, மாப்பிள்ளை குவிமாடத்தின் கீழ் நிற்கிறான். நல்ல நேரத்தில் எடுக்காமல் விட்டால் அதோடு போச்சு.

எடுத்தான்.

"தம்பி, என்னது பின்னாடி தகதகன்னு? ஒங்க வீடா?" மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இல்லங்க மாமா, அரமன. சுத்திப் பாக்க வந்தோம்."

மாமாவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. போன் கை மாறியது. செல்விதான். "அரமனைய அப்புறம் காட்டுங்க. நீங்க தங்கியிருக்க எடம் எப்பிடி?"

முத்து மேலே குவிமாடத்தைப் பார்த்தான். தனி வீடு என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"ரூமுங்க. ஆறு பேரு. எனக்குக் கீழ் பெட்டு. இந்தச் சம்பளத்துக்கு ஒடனே ஃபேமிலி விசா எடுக்க முடியாது. ரெண்டு வருசமாவது ஆகும். தனி வீடுன்னு சொல்லச் சொன்னாங்க. எனக்கு வரல."

அதற்குள் காவலர் ஒருவர் வந்து, "பாய், ஆவாஸ் கம்" என்று மெதுவாகப் பேசச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எங்க பெரியப்பா மகன் சவுதில, அல் கோபார்ல லேபர் கேம்ப்ல இருக்கான். நாலு வருசமா மேல் பெட்டுதான்" என்றாள் செல்வி. "கீழ் பெட்டு கெடைக்க எத்தன வருசமாச்சு ஒங்களுக்கு?"

"மூணு."

"பரவால்லயே. ஒங்க சம்பளத்துக்குத் தனி வீடுன்னு சொல்லிருந்தீங்கன்னா, அப்ப ஊருக்கு எதை அனுப்புவீங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன். சரி, இப்பக் காட்டுங்க அரமனைய."

அப்புறம் நான் கூட வந்த ஆளே இல்லை. அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பார்த்ததையெல்லாம் முதலிலிருந்து காட்டினான். சரவிளக்கைப் பார்த்ததும் "இத யாரு, எப்பிடி ஏறித் தொடைப்பா?" என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். விருந்து மண்டபத்தில் வைத்திருந்த பீங்கான் தட்டுகளைக் காட்டியபோது மாமா மறுபடி திரைக்குள் புகுந்து "அம்மாடி!" என்றார். நான் ஓரமாக உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு முசஃபா போய்ச் சேர்ந்தோம். அண்ணி பிரியாணியோடு காத்திருந்தார். புது உறை போட்ட சோபாவில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டோம். முத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தது சம்மதமா, மரியாதையா என்று நூறு தடவை கேட்டான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை வேண்டும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். எல்லா ஆப்பிலும் இங்கிருந்து வீடியோ கால் போகாது, போகிற ஆப்பை முதலிலேயே போட்டு வையுங்கள். அரசு விருந்தினர் வரும் நாட்களில் மூடியிருக்கும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். நல்ல நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எங்களுக்கு அந்தத் தப்பு நல்லதாகப் போயிற்று. அண்ணன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தால் முத்து தனி வீடு என்று சொல்லியிருப்பான். அவ்வளவு சின்ன ஹாலில் அந்தப் பொய் பொருந்தியிருக்கும். அரண்மனைக்குள் அது பொருந்தவில்லை.

இரண்டு நாள் கழித்துச் செல்வியிடமிருந்து முத்துவுக்கு முதல் மெசேஜ் வந்தது. கீழ் பெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். ஆறு பேரும் சேர்ந்து ரூமைப் பெருக்கினோம், போர்வையை மாற்றினோம், கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் குளியலறைக்குள் திணித்தோம். குவிமாடத்துக்குக்கூட அவன் அத்தனை படம் எடுக்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டு, ஆறு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பதில் வந்தது.

"ஏசி மெக்கானிக் கட்டில்ல ஃபேனா? மொதல்ல அந்த ஏசியச் சரி பண்ணுங்க. வீட்ல சரின்னு சொல்லிட்டேன்."

முத்து அன்று ராத்திரியே ஏசியைக் கழற்றினான்.