என் வரிகள் இல்லாத கோப்பு

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு டைரியின் ஒரு பக்கத்தில் நீல மையில் எழுதியிருக்கிறேன்: "சாட் பதிவுகள், மூன்று மாதம். எடுத்துக் கொடுத்தாயிற்று. வரிகளின் எண்ணிக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை." அதே டைரியின் பின்னட்டை உறையில் ஒரு சிடி இருக்கிறது. அதன் மேல் எதுவும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் தலைப்பு எழுதி வைக்கும் பழக்கமுள்ள எனக்கு அது ஒன்றுதான் விதிவிலக்கு.

அப்போது எங்கள் அலுவலகம் புனேயில் கேம்ப் என்ற பகுதியில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஆகுர்டியிலோ ரஞ்சன்காவிலோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் எங்களுக்குப் போன் வரும். நான்கு பேர் உட்காரும் மேசை அதை வாங்கி, பழுது பார்ப்பவரை அனுப்பும். நான் கணினிகளைக் கவனித்துக்கொண்டேன். அந்த நால்வரில் மூத்தவரை நான் அக்கா என்று அழைத்தேன். மூன்று தலைமுறையாகக் கேம்ப்பிலேயே வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். போன் வந்ததும் ஆளை அனுப்பிவிட மாட்டார். அந்த இயந்திரம் முன்பு எதற்காக நின்றது என்று என்னிடம் சாட்டில் கேட்பார். நான் பழைய பதிவுகளைத் தோண்டிச் சொல்வேன். அதை வைத்து, எந்த உதிரிபாகத்தோடு போக வேண்டும் என்று ஆளிடம் சொல்லி அனுப்புவார். மற்ற மேசைக்காரர்களின் ஆட்கள் இரண்டு முறை போய்வருவார்கள். அக்கா அனுப்பிய ஆள் பெரும்பாலும் ஒரே முறைதான். எங்கள் பேச்செல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். "தம்பி, ரஞ்சன்காவ் பிரஸ் மறுபடி பந்த். போன தடவை என்ன ரோனா?" என்று வரும். ரோனா என்றால் அழுகை; இயந்திரக் கோளாறுக்கு அவர் வைத்த பெயர். பதில் இரண்டு நிமிடம் தாமதித்தால், "தூங்கிட்டியா, இல்ல சமோசாவா?" என்று வரும்.

மேசையில் இனி மூன்று பேர் போதும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. யாரை விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய மேலாளர் ஒரு மராத்திக்காரர், கெட்டவர் அல்ல. ஆளைப் பார்த்து முடிவு செய்ய அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் அட்டவணை கேட்டார். யார் கேட்டார், யார் பதில் சொன்னார், எத்தனை நிமிடத்தில், பேச்சு வேலையைப் பற்றியதா. மூன்று மாதச் சாட்டை ஒரு கோப்பாக எடுத்து, ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தேன்.

கோப்பு எடுக்கும் அமைப்பில் நிர்வாகி கணக்கின் வரிகளை விட்டுவிடும்படி ஒரு வருடத்துக்கு முன் நானே குறித்து வைத்திருந்தேன். சர்வர் நிற்கப்போகிறது என்று எல்லோருக்கும் போகும் அறிவிப்புகள் எண்ணிக்கையைக் கூட்டிவிடும் என்பது காரணம். நான் அக்காவிடம் பேசியதும் அதே கணக்கிலிருந்துதான். அது நினைவுக்கு வரவில்லை. வரிகளை எண்ணினேன், படிக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா தன் சாட் பதிவின் தாள்களோடு என் இடத்துக்கு வந்து நின்றார். மேலாளர் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தார்.

"இதப் பாரு தம்பி. மூணு மாசமா நான் பைத்தியம் மாதிரி தனியாப் பேசிட்டிருந்திருக்கேன். உன் ஜவாப் எல்லாம் எங்கே போச்சு?"

பார்த்தேன். சமோசா இருந்தது. பந்த் ஆன இயந்திரங்கள் இருந்தன. பதில் ஒன்றுகூட இல்லை. தமிழ் தெரியாத ஒருவருக்கு அது பக்கம் பக்கமாக வெட்டிப் பேச்சு.

"செட்டிங் அக்கா. சரி பண்றேன்."

"ஜல்தி பண்ணு. சாயங்காலம் மேனேஜர் சாப் கையெழுத்துப் போடுறாரு."

மதியத்துக்குள் அமைப்பை மாற்றி முழுக் கோப்பையும் எடுத்துவிட்டேன். இந்த முறை படித்தேன். இயந்திரங்களின் வரலாறு அத்தனையும் என் வரிகளில் இருந்தது. நடுநடுவே மேலாளரைப் பற்றி நான் அடித்த கேலிகளும் இருந்தன. அவருடைய நடை, அவருடைய ஆங்கிலம். எங்கள் பிரிவில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். கேட்டால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவான். அந்த வரிகளை மட்டும் நீக்கலாமா என்று யோசித்தேன். பதிவைத் திருத்துவது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பைச் சிடியில் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். டைரியில் அன்றைய தேதிக்கு, "3.40: இரண்டாம் கோப்பு, சிடி. 4.15: டீ" என்று இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. டீ ஆறிப்போயிருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஐந்தரைக்கு அக்கா மேலாளர் அறையிலிருந்து வந்தார். டிபன் பையை எடுத்துக்கொண்டார். என் பக்கம் பார்த்தாரா என்று தெரியாது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து கேம்ப்பில் ஒரு பேக்கரி வாசலில் எதிரே வந்தார். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை, சம்பளம் குறைவு, ஆனால் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்றார். இளைத்திருந்தார். கிளம்பும்போது கேட்டார்.

"அந்த செட்டிங் சரி பண்ணிட்டியா தம்பி?"

"பண்ணிட்டேன் அக்கா. அன்னைக்கே."

தலையை ஆட்டிவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தோடு சாலையைக் கடந்து போனார்.

இப்போது என் வீட்டில் சிடி போடும் கணினி இல்லை. இன்று டைரியை எடுத்து, "பிழை இல்லை" என்ற சொற்களை அடிக்கப் பேனாவைத் திறந்தேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரிதான். மூடி வைத்துவிட்டேன்.