ஆயில் கம்பியும் அண்ணன் தம்பியும்

குமுளியில் சமதரை என்று ஒன்று கிடையாது. கை தவறி எலுமிச்சம்பழம் கீழே விழுந்தால் குனிந்து எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை, இரண்டு வீடு தள்ளிப் போய், "எங்க பழம் இங்க வந்துச்சா?" என்று கேட்டு வாங்கி வருவோம். இப்படிப்பட்ட ஊரில்தான் என் பெரியப்பா ஒரு காரை வாங்கி வந்து, நாலு சக்கரத்துக்கும் கல் முட்டுக்கொடுத்து, வீட்டு வாசலில் நிறுத்தினார்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய கறுப்புக் கார். பெரியப்பா அதை வாடகைக்கு ஓட்டினார். ஏலக்காய் வியாபாரிகள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பிரசவ வலி கண்ட பெண்கள் என்று மலையிறங்கிக் கம்பம் போக வேண்டிய அவசரக்காரர்கள் எல்லாரும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அப்பா ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. அவர் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் காணும். மற்றதெல்லாம் அந்தக் காரிலிருந்து வந்தது. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டோம்.

பெரியப்பா யுத்த காலத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்புகிற லாவகத்தைப் பார்க்கவே நான் பின்சீட்டில் எம்பி எம்பி உட்காருவேன். எதிரே பஸ் வருவது எங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் காதில் விழுந்துவிடும். ஓரம் கட்டி நிறுத்தி, மீசையைத் தடவிக்கொண்டு காத்திருப்பார். கர்த்தரும் என் பெரியப்பாவும் இருக்கிறவரை மலைப்பாதையில் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நான் உறுதியாக நம்பினேன். அப்பாவுக்கும் வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ்கூட உண்டு. ஆனால் அண்ணன் இருக்கும்போது அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

தகராறு ஆரம்பித்தது ஆயில் கம்பியில். எஞ்சினுக்குள் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பி உண்டு. உருவினால் அதன் நுனிப்பக்கம் இரண்டு கோடுகள் தெரியும். மேல்கோடு வரை நனைந்திருந்தால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டால் வண்டியை எடுக்கக் கூடாது. ஆயில் இல்லாமல் மலையேறினால் எஞ்சின் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் காரைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். சாயங்காலம் கார் ஸ்டாண்டில் பெரியப்பா கம்பியை உருவிப் பார்ப்பார். காலையில் கடைக்குப் போகுமுன் வீட்டு வாசலில் அப்பா பார்ப்பார். பல மாதம் இருவரும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு இரண்டு பேச்சானது.

"அண்ணே, கீழ்க்கோட்டத் தொட்டுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் ஊத்திரட்டா?"

"நேத்து சாயங்காலம் நாம்பாத்தேன்லா, புல்லா இருந்துச்சு. ராத்திரியோட ராத்திரியா வண்டி குடிச்சிட்டோ? ஊத்தாத, பொகையடிக்கும்."

அப்பா ஊற்ற மாட்டார். மறுநாளும் இதே பேச்சுதான் நடக்கும். ஒழுகுகிறதோ என்று காருக்கடியில் பழைய பேப்பரை விரித்து வைத்துப் பார்த்தார்கள். காலையில் பேப்பரில் பனி ஈரம்தான் இருந்தது, ஒரு சொட்டு ஆயிலைக் காணோம். ஒழுகவில்லை என்றால் யாரோ எடுக்கிறார்கள் என்றாகிவிட்டது. பெரியம்மா ஒருநாள் அடுப்படியில் புளியைக் கரைத்துக்கொண்டே, "தையல் மெஷினுக்கும் எண்ணெய் வேணும்லா" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். வீட்டில் தையல் மெஷின் இருந்தது அம்மாவிடம் மட்டும்தான். அதற்கு மாதத்துக்கு நாலு சொட்டு போட்டாலே அதிகம். அம்மா மறுநாள் பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி எங்களுக்குத் தனியாக உலை வைத்தாள். அதிலிருந்து, வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றி இரண்டு பக்கமும் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். பெரியப்பா பிள்ளைகளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அந்தப் பாயை எப்படிப் பாகம் பிரிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

அப்பாவுக்குச் சண்டை போடத் தெரியாது. கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் அவர் வேலை. இதையும் அப்படித்தான் பார்த்தார். ஸ்டாண்டு கொஞ்சம் சமமான இடம், எங்கள் வாசலில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆயில் பின்பக்கம் சாய்ந்துவிடும், கம்பி குறைவாகக் காட்டும். இதுதான் காரணம் என்று சந்தோஷமாக வந்து சொன்னார். பெரியப்பாவுக்கும் அது பிடித்திருந்தது, யார்மேலும் தப்பில்லாத காரணம் அல்லவா? அன்று பெரியம்மா எங்கள் பக்கத்துக்கு ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள்.

ஆனால் மறுநாள் அப்பா ஸ்டாண்டுக்கே போய்ப் பார்த்தபோதும் கம்பி குறைவாகத்தான் காட்டியது. கடை வேலையாகக் கம்பம் போனபோது அங்கே ஒரு மெக்கானிக்கைக் கேட்டார். வண்டி நின்றதும் பார்க்கக் கூடாது, ஆயில் மேலே எல்லாம் ஏறியிருக்கும், குறைவாகத்தான் தெரியும்; ஆறவிட்டு, கம்பியை ஒருதரம் துடைத்து, மறுபடி முக்கிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டாராம். அப்படிப் பார்த்தால், வண்டி நின்ற சூட்டோடு பார்க்கிற அண்ணனுக்குத்தானே குறைவாகத் தெரிய வேண்டும்? ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைப் பார்க்கிற தனக்கல்லவா கூடுதலாகத் தெரிய வேண்டும்? எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கோயில் முத்தத்துல வச்சுப் பாத்துருவோம்ணே" என்றார் அப்பா. ஊரிலேயே சமமான தரை எங்கள் வேதக்கோயில் முற்றம்தான். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோட்ட வேலைக்கு வந்த சனங்கள் மண்வெட்டி பிடித்து, மலையைச் சீவி, தாங்களே சமப்படுத்திய இடம். பெரியப்பா அதையும் நம்பாமல், கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் வீட்டுத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, தரையில் வைத்து, எந்தப் பக்கமும் வழியாமல் நிற்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நின்றது. அங்கே காரை நிறுத்திவிட்டு ஆராதனைக்குப் போனோம். பிரசங்கம் நீளமானது. எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது.

ஆராதனை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டு ஆயில் சமாசாரம் அதற்குள் ஊர் சமாசாரமாகியிருந்தது. உச்சி வெயிலில் உபதேசியார் முதற்கொண்டு எல்லாரும் காரைச் சுற்றி நின்றார்கள். அப்பா பானெட்டைத் திறந்தார். கம்பியை உருவிப் பழந்துணியால் சுத்தமாகத் துடைத்தார், உள்ளே விட்டார், மறுபடி உருவினார். நான் அவர் முழங்கைக்குக் கீழே நின்றிருந்தேன். கம்பியின் அடிநுனியில் மட்டும் ஒரு துளி கறுப்பு இருந்தது. கீழ்க்கோட்டுக்கும் கீழே. மேலே முழுக்க வெறும் இரும்பு, வெயிலில் பளபளத்தது. அப்பா இத்தனை நாள் சொன்னதுதான் சரி, அப்பா ஜெயித்தார் என்று எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

அப்பா கம்பியை அண்ணன் கையில் கொடுத்தார். பெரியப்பா அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், சாய்த்தார்.

"பாத்தியாடே," என்றார், "மேல்கோடு வரைக்கும் புல்லா நிக்குது."

அப்பா அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உபதேசியார், "எங்க, நான் பாக்குதேன்" என்று கையை நீட்டினார். அதற்குள் அப்பா கம்பியை வெடுக்கென்று வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வெளுத்து வைத்திருந்த தன் வெள்ளை வேட்டியிலேயே அதைத் துடைத்துவிட்டார்.

"ஆமாண்ணே, புல்லாத்தான் இருக்கு. நாந்தான் சரியாப் பாக்காம இத்தன நாளும் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

கூட்டம் சிரித்துக் கலைந்தது. கணக்குப்பிள்ளைக்கு இரண்டு கோடு எண்ணத் தெரியவில்லை என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேனே. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய், "அப்பா கோயில்ல வச்சுப் பொய் சொன்னாங்க" என்று கோள் சொன்னேன். வேட்டிக் கறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, "அந்தக் கம்பியப் பத்தி இனிமே வாயத் தொறக்கப்படாது" என்றாள். அன்று மத்தியானம் பெரியப்பா தூங்கும்போது அப்பா சத்தம் காட்டாமல் பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றினார். திருட்டு வேலை செய்கிறவர்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றியது எனக்கு இன்னும் கேவலமாகப் பட்டது.

அம்மா இந்தக் கதையின் மீதியை எனக்குச் சொன்னது நெடுங்காலம் கழித்து, பெரியப்பா காலமான பிறகு. வெயிலில் கம்பியைத் தூக்கிப் பிடித்தபோது பெரியப்பாவின் கண் கோட்டைத் தேடவே இல்லை என்பதை அப்பா பார்த்துவிட்டாராம். சும்மா வானத்தைப் பார்த்ததாம். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. வெளியே சொன்னால் வண்டியை விட வேண்டும், வண்டியை விட்டால் இரண்டு குடும்பமும் என்ன செய்யும் என்று மறைத்து வைத்திருக்கிறார். ராத்திரி ஜெபத்தில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாசிப்பார். பல நாளாக ஒரே பகுதியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார் என்பதை அம்மாவும் அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தாளாம். எங்களுக்கு அது சின்னப் பகுதி, சீக்கிரம் முடியும் என்பதால் நாங்கள் யாரும் ஏனென்று கேட்டதில்லை. பழகிய பாதையை அவர் காதாலும் கை நினைவாலும் ஓட்டியிருக்கிறார். ஒரு பிரசவக்காரியை மழையில் அப்படி இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. அதே மூச்சில் அவரை மெச்சவும் தோன்றுகிறது, என்ன செய்ய.

ஊர் நடுவே அண்ணனை, "உங்களுக்குக் கண் தெரியல" என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அதற்காக அவரை மறுபடி மலையிறங்க விடவும் முடியாது. மறுநாள் காலை, கல்யாணக் கோஷ்டி ஒன்று காருக்காக வாசலில் வந்து நின்றபோது ஆயில் கம்பியைக் காணோம். விடியுமுன்பே அப்பா அதைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கம்பம் போய்விட்டார். கோடு தேய்ந்துவிட்டது, புதுசாகப் போட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்பி இல்லாமல் வண்டியை எடுத்தால் அந்த ஓட்டை வழியே ஆயில் பீச்சியடிக்கும். பெரியப்பா கத்தோ கத்தென்று கத்தினார். கல்யாணக்காரர்கள் வைதுகொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள். கார் வாசலை விட்டு நகரவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கம்பியில் இரண்டு கோடுகள் இருந்த இடத்திலும் மெக்கானிக்கைக் கொண்டு அரத்தால் ஆழமாக வெட்டுப் போட்டு வாங்கி வந்திருந்தார். பானெட்டைத் திறந்து, கம்பியை முக்கி எடுத்து, அண்ணனிடம் நீட்டினார். வைது தீர்க்கலாம் என்று வந்த பெரியப்பா அதை வாங்கினார். அவருடைய கட்டைவிரல் நகம் கம்பியோடு மெல்ல இறங்கி, மேல் வெட்டில் தட்டி நின்றது. அதைச் சுற்றி விரலால் தடவினார், கொஞ்சம் கீழே தடவினார். விரலில் பட்ட ஆயிலை இன்னொரு விரலோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். தம்பி பக்கம் அவர் திரும்பவில்லை.

"மேல் வெட்டுக்கு ஒரு நெல்லளவு கொறையுது" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணே, சரியாச் சொன்னீங்க" என்றார் அப்பா. அது நிஜமாகவே சரி. நானும் எட்டிப் பார்த்தேன்.

பெரியப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "எனக்கு இடுப்பு வலிக்குதுடே. நாளையிலருந்து நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்." அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கடை வேலையை அந்த வாரமே விட்டார். ஆயில் பார்க்கிற வேலை கடைசிவரை பெரியப்பாவுடையதாகவே இருந்தது, அவர் சொன்ன அளவு ஒருநாளும் தப்பவில்லை. பின்கட்டு அடுப்பை அம்மா கலைத்தாள்.

என் அப்பாவைப்போலத் தன்னை இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்த இன்னொரு மனிதரை நான் இந்த வயதுவரை பார்க்கவில்லை. ஆனால் இது இப்போது சொல்வது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப்பிள்ளை மகளாக இருந்து டிரைவர் மகளாகிவிட்டேன் என்ற துக்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்பா ஓட்டிய முதல் சவாரியில் நானும் பின்சீட்டில் இருந்தேன். பெரியப்பா முன்னால் முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாலேயே, "வலத்த ஒடி", "ஹாரன் அடி", "பஸ் வருது, ஓரங்கட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதை முழுக்கத் தன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும் அப்பா எல்லாவற்றுக்கும் "சரிண்ணே, சரிண்ணே" என்றார். கோயிலில் ஒருதரம் தோற்றது போதாதென்று இங்கேயும் தோற்றுக்கொண்டே வருகிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பம் போய்ச் சேரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.