கல்யாண வீடியோவில் நான் அழுத இடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று ஆரணியில் என் தறிப் புடவை என்றால் மெட்ராஸ் கடைக்காரர்கள் பிரித்துப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். துணியைத் தடவியே எந்தத் தறி, யார் கை என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைதான், இருக்கட்டும். அப்படிப்பட்ட எனக்கு என் முகத்தில் இருந்தது என்னவென்று மட்டும் பிடிபடவில்லை.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே என்மேல் ஒரு குறை. "உனக்குப் பொடவதான்ப்பா பொண்ணு" என்பாள். கல்யாணமாகிப் பெங்களூர் போகும்போதும் அந்தக் குறையோடுதான் போனாள். பிறகு கல்யாண வீடியோ வந்தது. அன்றே போன் செய்தாள். பேச்சு வரவில்லை, விசும்பல்தான் வந்தது.

"என்னப் பாத்துகினு அப்டி அழுதியாப்பா? எனக்குத் தெரியவே தெரியாதே."

எனக்கும் தெரியாது. டிவியில் போட்டுப் பார்த்தேன். தாலி கட்டும் நேரம். கேமரா மெல்ல என் முகத்துக்குக் கிட்டே வருகிறது. கண்ணில் நீர். உதடு துடிக்கிறது. அடியில் வயலின் இழுக்கிறது. அடுத்து மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "நம்ப கல்யாணத்துல இந்த மூஞ்சிய எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். அவள் கண்ணும் ஈரம்.

ஆனால் அந்த நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. மகள் தோள்மேல் கிடந்த கரையில் ஒரு ஜரிகை இழை விட்டுப்போயிருந்தது. என் தறியில், என் மகள் புடவையில்! நெய்தவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். உதடு துடித்தது அதற்குத்தான்.

வீடியோக்காரரிடம் போய், சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னேன். புடவையைச் சோதிக்கும் ஒரு வியாபாரி தெரிந்தான். சத்தத்தோடு போடச் சொன்னேன். அதே படம், ஒரு அப்பன் தெரிந்தான்.

"பொண்ணு என்னப் பாக்குதே, அது?"

"அது மால மாத்தசொல்லோ எடுத்தது, மொதலாளி. உங்க மூஞ்சிக்குப் பின்னாடி ஒட்டிட்டேன். நல்லா ஒக்காந்துகிச்சில்ல?"

"நான் பொடவயப் பாத்துகினு இருந்தேன்யா."

"ஐய, வெளிய சொல்லிக்காதீங்க. அந்த எடத்துல எங்கம்மாவே அழுதுட்டாங்க."

அடுத்தவன் தறியில் நெய்ததை என் புடவை என்று நான் விற்றதில்லை. இதை மட்டும் எப்படி வைத்துக்கொள்வது? ஆடிக்கு மகள் வந்தபோது சொல்லிவிட்டேன்.

"ஜரிக எழயா?" என்றாள். என்னையே பார்த்தாள். பழைய குறை திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"போப்பா. அழுதத மறைக்க இன்னாமா கத கட்ற!"

புடவையை எடுத்துவரச் சொல்லி, இழை விட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இது இப்பதான் உன் கண்ணுல பட்டிருக்கும்" என்று என் தோளில் சாய்ந்து, போனில் மறுபடி அதையே போட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட இப்படிச் சாய்ந்ததில்லை. நான் புடவையை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன்.

அன்று மண்டபத்தில் மேளம்தான். வயலின் வாசித்தவர் யாருமில்லை. ஆனால் இப்போது அந்த நேரத்தை நினைத்தால் வயலினோடுதான் வருகிறது. புகையும் இருக்கிறது, இழையும் இருக்கிறது, அவள் முகமும் இருக்கிறது. எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சத்தியம் செய்ய எனக்குக் கை வராது.